படி பிடித்த கை: தங்கவயலிலிருந்து திரும்பியவரின் கடை



திருவண்ணாமலையில் சொற்பொழிவு என்றால் அருணகிரிநாதரைப் பேசலாம், வல்லாள மகாராஜாவைப் பேசலாம், குகை நமசிவாயரைப் பேசலாம். இன்று நான் ஒரு கடைக்காரரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 19ஆம் நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளில் இந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போனவர். பாறைக்கு அடியில் சில ஆண்டுகள் உழைத்தவர். பிறகு ஊர் திரும்பித் திண்ணையில் நாலு கூடையும் ஒரு தராசும் வைத்து உட்கார்ந்தவர். அவர் ஒரே ஆள் அல்லர். தலைமுறை தலைமுறையாகத் தங்கவயலுக்குப் போய் வந்த மண் இது. அப்படிப் போய்வந்த பலருடைய வாழ்க்கையின் வரலாறாக இதைக் கேட்க வேண்டுகிறேன்.

முதலில் வரைபடத்தைச் சரி செய்துகொள்வோம். அந்தக் காலத்தில் திருவண்ணாமலை தாலுகா தென் ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது, தலைநகரம் கடலூர். போளூர், ஆரணி, வந்தவாசி ஆகியவை வட ஆர்க்காட்டில் இருந்தன. அதன் தலைநகரம் சித்தூர். 1911இல்தான் திருவண்ணாமலை வட ஆர்க்காட்டுக்கு மாறியது. இன்றைய மாவட்டம் 1989இல் பிறந்தது. ஆகவே பழைய ஆவணங்களில் நம் ஊர்க்காரர்களைத் தேடுகிறவர் இரண்டு மாவட்டத்துக் காகிதங்களையும் புரட்ட வேண்டும்.

1891இல் விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிப் பக்கம் போகும் ரயில் பாதை திறந்தது. இந்தப் பாதையில் வந்த பயணிகளில் உலகமே அறிந்தவர் ஒருவர் உண்டு. 1896இல் மதுரையிலிருந்து கிளம்பிய வெங்கடராமன் என்ற பதினாறு வயதுச் சிறுவன், கீழூரில் தன் காதுக் கடுக்கனை நாலு ரூபாய்க்கு அடகு வைத்து, அந்தக் காசில் சீட்டு வாங்கி, செப்டம்பர் முதல் தேதி காலையில் இங்கே வந்து இறங்கினார். ரமண மகரிஷியின் வாழ்க்கையில் அதுதான் கடைசி ரயில் பயணம். அதே காலத்தில் அதே தண்டவாளத்தில் வடக்கு நோக்கிப் போனவர்களைப் பற்றித்தான் என் பேச்சு. போளூர், ஆரணி ரோடு, கண்ணமங்கலம், வேலூர், காட்பாடி. அங்கே அகலப் பாதை ரயிலுக்கு மாறி ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை, குப்பம், இன்று பங்காரப்பேட்டை எனப்படும் பவுரிங்பேட்டை. பவுரிங்பேட்டையிலிருந்து மாரிக்குப்பத்துக்கு 1894இல் கிளைப் பாதை போட்டார்கள். அதற்கு முன்னால் போனவர்கள் செங்கம் கணவாய் தாண்டிச் சிங்காரப்பேட்டை வழியாக நடந்துதான் போயிருக்க வேண்டும்.

ஏன் போனார்கள்? பஞ்சத்திலிருந்து தொடங்குகிறேன். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற தாது வருஷப் பஞ்சம் நம் மானாவாரி நிலங்களையும் விடவில்லை. நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று 1877 தொடக்கத்தில் இந்திய அரசின் பஞ்சப் பிரதிநிதியாக வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள் கணக்குப் போட்டார். அந்த அளவு ஒரு மனிதனை உயிரோடு வைக்குமா என்று அப்போதே வெள்ளைக்கார மருத்துவர்கள் சண்டை போட்டார்கள். பஞ்சம் ஓய்ந்தபோது மிஞ்சியவர்களில் நிலமில்லாதவர்களின் நிலைதான் மிகவும் மோசம். அவர்களில் பெரும்பாலோர் படியாள்கள்.

படியாள் முறையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பின்னால் வரும் கடையைப் புரிந்துகொள்ள அது வேண்டும். 1843இல் ஐந்தாம் சட்டம் அடிமை முறையைச் சட்டத்தின் கண்ணில் செல்லாததாக்கியது. ஆனால் கல்யாணத்துக்கோ சாவுக்கோ பத்து ரூபாய் வாங்கினவன், அந்தக் கடனுக்காக ஆண்டையின் நிலத்தில் உழைத்துக்கொண்டே இருந்தான். அவனுக்குப் பிறகு மகன் உழைத்தான். கூலி தானியம்: கேழ்வரகு, கம்பு, வரகு. களத்தில் ஆண்டையின் ஆள் படியைப் பிடித்து அளப்பான். ஆண்டைக்கு வரவேண்டியதைக் குவித்து அளப்பதும், கொடுக்க வேண்டியதைத் தலைதட்டி அளப்பதும், படிக்குள் கட்டைவிரலை விட்டுப் பிடிப்பதும் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் கேள்விப்படாத விஷயமல்ல. அளவு யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் அடுத்தவர் வயிறு இருந்தது. படியாள் தன் வாழ்நாளில் காசைக் கையில் பிடித்த நாட்கள் குறைவு.

இனி கோலாருக்குப் போவோம். அங்கே தங்கம் எடுத்ததை வெள்ளைக்காரர் கண்டுபிடித்தார் என்று சொல்வது நியாயமில்லை. 1802இல் மைசூர் எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், மண்ணில் தங்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டு விசாரித்தார். உரிகம் பக்கத்துக் கிராமத்தார் வண்டியில் மண் கொண்டுவந்து, அவர் கண் முன்னாலேயே கழுவிப் பொன்துகளை எடுத்துக் காட்டினார்கள். மாரிக்குப்பத்தில் பறையர் சமூகத்தார் குழிக்குள் இறங்கிக் கல்லெடுத்ததையும், அந்தக் கல் கூடையில் கை மாறிக் கை மாறி மேலே வந்ததையும், மேலே பெண்கள் அதைப் பாறையில் இடித்துப் பொடியாக்கிக் கழுவியதையும் அவர் எழுதிவைத்தார். இந்த இடத்தில் மாணவர்கள் கவனிக்க வேண்டும். ஐரோப்பியக் கம்பெனி வருவதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்னால், அந்தத் தொழிலின் அறிவு யாரிடம் இருந்தது என்பதற்கு எழுத்துச் சாட்சி இது.

வாரனின் குறிப்பு 1804இல் அச்சானது. நியூசிலாந்தில் மாவோரிகளோடு நடந்த போரில் இருந்துவிட்டுப் பெங்களூர் தண்டில் ஓய்வாக இருந்த மைக்கேல் ஃபிட்ஜெரால்ட் லவெல் என்ற அயர்லாந்துச் சிப்பாய் 1871இல் அதைப் படித்தார். நியூசிலாந்தின் தங்க வேட்டையைப் பார்த்த கண் அவருடையது. மாட்டு வண்டி கட்டிக்கொண்டு கோலார் போனார். 1875இல் மைசூர் அரசிடம் இருபது ஆண்டுக் குத்தகை வாங்கினார். கையில் முதல் இல்லை. உரிமையைப் பிறருக்கு மாற்றிக் கொடுத்தார். 1880இல் லண்டனின் ஜான் டெய்லர் கம்பெனி பொறுப்பேற்றது. பணமெல்லாம் கரைந்து, மூடிவிடலாம் என்ற நிலையில், கேப்டன் பிளம்மர் என்பவர் பழங்காலத்தார் தோண்டிவிட்டுப் போன குழிகளைப் பின்பற்றி ஆழத்துக்குப் போனார். அங்கேதான் சாம்பியன் ரீஃப் என்ற செழித்த தங்கப் படிவம் கிடைத்தது. அதாவது, கம்பெனியைக் காப்பாற்றியது பழைய குழிகளின் தடம்.

அதே ஆண்டுகளில் நீலகிரியில் தேவாலா, பந்தலூர் பக்கம் ஒரு தங்க வெறி எழுந்து அடங்கியது. லண்டனில் பங்குகள் விற்றன, காட்டுக்குள் ஓட்டல் முளைத்தது, மூன்று நான்கு ஆண்டுகளில் எல்லாம் முடிந்தது. அது முழுதும் வேறு கதை. அதற்குத் தனிச் சொற்பொழிவு வேண்டும்.

கோலார் மட்டும் நிலைத்தது. நிலைத்ததால் ஆள் வேண்டியிருந்தது. மேற்பார்வைக்கு இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிச் சுரங்கக்காரர்களும் இத்தாலியர்களும் வந்தார்கள். அடியில் இறங்கியவர்களில் மிகப் பெரும்பான்மை தமிழர்கள். அவர்களிலும் பெரும்பான்மை வட ஆர்க்காட்டிலிருந்தும் அண்டை மாவட்டங்களிலிருந்தும் போன ஒடுக்கப்பட்ட சமூகத்தார். 1901 மக்கள்தொகைக் கணக்கில் தங்கவயலில் 38 ஆயிரத்துக்கு மேல் மக்கள் இருந்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் அங்கே பொட்டல் காடு. மூங்கில் தட்டி வீடுகள் வரிசை வரிசையாக, ‘லைன்’ என்பார்கள். ஒரே அறை, மண் தரை, தாழ்ந்த கூரை.

சுரங்கம் மூடப்பட்ட 2001 வரை, சுமார் 5 கோடியே 10 லட்சம் டன் கல்லை வெட்டி, ஏறக்குறைய 800 டன் தங்கம் எடுத்திருக்கிறார்கள். வகுத்துப் பாருங்கள்: ஒரு டன் கல்லுக்குச் சராசரியாகப் பதினாறு கிராம். ஒரு டன் பாறையை வெட்டி, வெடித்து, தள்ளுவண்டியில் தள்ளி, மேலே ஏற்றி, மாவாய் இடித்தால் கிடைப்பது இரண்டு சவரன். இந்தக் கணக்கை நம் வீட்டுப் பெண்கள் அணிந்திருக்கும் தாலிச் சங்கிலியோடு சேர்த்து நினைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் படியாளாக இருந்து போனவருக்குச் சுரங்கம் கொடுத்தது ஒன்று உண்டு. கூலியைக் காசாகக் கொடுத்தார்கள். மேஸ்திரி தன் பங்கைப் பிடித்துக்கொண்டான், ஆளைக் கொண்டுவந்த முன்பணத்தைக் காண்ட்ராக்டர் கழித்துக்கொண்டான். எல்லாம் போக மிஞ்சியதாவது அணாவாக, ரூபாயாகக் கையில் விழுந்தது. அந்தக் காசு எங்கே போயிற்று? லைன் முனையில் இருந்த கடைக்கு. சுரங்கத் தொழிலாளி அரிசி, பருப்பு, புகையிலை எல்லாவற்றையும் கடனுக்கு வாங்கினார். சம்பள நாளில் கடைக்காரனும் வட்டிக்காரனும் வாசலில் நின்றார்கள். கடன் தங்கவயலின் பெரிய நோய். ஆனால் அந்தக் கடனோடு ஒரு படிப்பும் வந்தது. பற்று எழுதுவது எப்படி, எத்தனை நாள் தவணை தாங்கும், எந்தச் சரக்கு எந்த நாளில் தீரும், எவனுக்குக் கடன் கொடுத்தால் திரும்பி வரும் என்பதையெல்லாம் அவர் கடைக்கு வெளிப்பக்கத்தில் நின்றுகொண்டே கற்றார். ஊருக்கு அவர் கொண்டுவந்த மூலதனத்தில் சேமித்த ரூபாயைவிட இந்தப் படிப்பையே நான் பெரிதாக எண்ணுகிறேன்.

திரும்பி வந்து கடை வைத்தார். ஏன் நிலம் வாங்கவில்லை என்று கேட்கலாம். சிலர் வாங்கினார்கள். செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் எழுதிய அறிக்கையின் பேரில் 1892இல் சென்னை அரசு ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் கொடுக்க ஆணையிட்டது. ஆனால் ஆணை வேறு, மணியக்காரரும் கர்ணமும் எழுதும் கணக்கு வேறு. சேரிக்காரர் நிலத்துக்கு மனுப் போட்டால், அந்தப் புறம்போக்கு திடீரென்று மேய்ச்சலுக்கு அவசியமாகிவிடும். கடைக்கு மனுப் போட வேண்டியதில்லை. சொந்தத் திண்ணை போதும்.

இன்னொரு காரணம் உடம்பு. பாறைத் தூசு நுரையீரலில் படிந்து மூச்சைப் பிடிக்கும் சிலிக்கோசிஸ் நோயைத் தங்கவயலில் முறையாகச் சோதித்தது 1940களில்தான். சோதித்துப் பார்த்த ஆயிரக்கணக்கானோரில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த நோய் இருந்தது. அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இருந்த பாறை வேறு பாறையல்ல. தண்ணீர் பீய்ச்சித் தூசை அடக்கும் ஏற்பாடுகளெல்லாம் பிற்காலத்தில் வந்தவை. அப்போது இறங்கினவர்களுக்கு இருமல் வந்தால் ‘சளி’ என்றார்கள், ‘க்ஷயம்’ என்றார்கள். ஏர் பிடிக்க மூச்சு வாங்குகிறவன், உட்கார்ந்து செய்யும் தொழிலைத்தான் தேடுவான். பல கடைகள் இப்படித்தான் பிறந்திருக்கும் என்பது என் முடிவு.

கடையில் என்ன இருந்தது? உப்பு, புளி, மிளகாய், வெல்லம், பாக்கு, புகையிலை, மஞ்சள், ஒரு டின் மண்ணெண்ணெய். உப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1888 முதல் 1903 வரை ஒரு மணங்கு உப்புக்கு அரசு வரி இரண்டரை ரூபாய். அந்த மணங்கு ஏறக்குறைய 37 கிலோ. கடலிலிருந்து சும்மா வரும் பொருளில், ஏழையின் கஞ்சிக் கலயத்தில் விழும் கல்லுப்பில், அரசின் பங்கு அவ்வளவு. அதைத் தலையில் கட்டிக்கொண்டு ஆழாக்கு ஆழாக்காக விற்கும் கடைக்காரருக்கு மழைக்காலத்தில் உப்புக் கசிந்தால் வரியும் சேர்ந்து கசியும். ஆகவே உப்புக் கூடையை அடுப்படிப் பரணில் ஏற்றி வைத்தார்கள்.

எடை பழைய எடை: மூன்று தோலா ஒரு பலம், நாற்பது பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு. இந்த மணங்கு சென்னைப் பக்கத்து மணங்கு. உப்பு வரி போட்ட மணங்கில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. என் தாய்வழி உறவில் ஒரு வீட்டில் இரும்பு வீசைக் கல் ஒன்று இன்னும் இருக்கிறது. அடியில் ஒரு குழி. அதில் ஈயம் ஊற்றி எடையைச் சரிக்கட்டியிருக்கிறார்கள். கல் தேயத் தேய எடை குறையும். குறைந்தால் வாங்குகிறவருக்கு நஷ்டம், விற்கிறவருக்கு லாபம். இந்தக் கல்லை வைத்திருந்தவர் தேய்ந்ததை ஈயம் ஊற்றி நிரப்பியிருக்கிறார். தங்கவயல் பணத்தில் வாங்கின கல் என்று அந்த வீட்டார் சொல்கிறார்கள். தலைதட்டின படியில் கூலி வாங்கிய ஒரு பரம்பரை, அளவு தன் கைக்கு வந்தபோது அதை எப்படிப் பிடித்தது என்பதற்கு அந்த ஈயத்தைக் காட்டிலும் நல்ல ஆவணம் எனக்குத் தெரியாது.

ஊர்க் கடையில் சேரிக்காரர் சாமான் வாங்கும் முறை உங்களில் வயதானவர்கள் பலருக்கு நினைவிருக்கும். தள்ளி நிற்க வேண்டும். காசைத் தரையில் வைக்க வேண்டும். கடைக்காரர் அதன் மேல் தண்ணீர் தெளித்து எடுப்பார். சாமானை மேலேயிருந்து முந்தானையில் போடுவார். எடையைக் கிட்டே வந்து பார்க்க முடியாது. சேரித் திண்ணையில் கடை வந்ததும் இந்த நாலு காரியமும் ஒரே நாளில் நின்றன. காசு கையிலிருந்து கைக்குப் போயிற்று. தராசு முள்ளைக் குழந்தைகூடக் குனிந்து பார்க்கலாம். கோயில் நுழைவு, பள்ளி நுழைவு பற்றி நிறைய எழுதியிருக்கிறோம், எழுத வேண்டியதுதான். காலணா உப்பைக் கைநீட்டி வாங்கிய அந்த நாளைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும்.

மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, இன்னொரு கதவைத் திறந்தது. தென் ஆர்க்காட்டு மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய் எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. இரண்டு மூட்டை விளைவிக்கும் சின்னக் குடியானவரிடம் பெரிய வியாபாரி வரமாட்டார். அந்த இரண்டு மூட்டைக்கும் உப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் கணக்கு நேர் செய்கிற இடம் ஊர்ச் சின்னக் கடைதான். காசைப் பார்க்காத கிராமத்தில் காசு புழங்கத் தொடங்கும் வாய் அது.

உலகத்தில் வேறெங்கும் இப்படி நடந்திருக்கிறதா என்றால், நடந்திருக்கிறது. நியூசிலாந்தில் சூ சோங் என்ற சீனர் இருந்தார். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா, நியூசிலாந்தின் ஒட்டாகோ ஆகிய தங்க வயல்களில் இருந்துவிட்டு, 1870இல் தாரனாகி பகுதிக்கு வந்து கடை வைத்தார். அங்கே காட்டை வெட்டிக் குடியேறியிருந்த வெள்ளைக்கார விவசாயிகளிடம் காசே இல்லை. வெண்ணெயைக் கொடுத்துச் சாமான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். வெட்டிப்போட்ட மரங்களில் ஒரு கருங்காளான் முளைப்பதை சூ சோங் பார்த்தார். சீனத்தில் அது விரும்பிச் சாப்பிடும் பொருள். ரொக்கம் கொடுத்து வாங்கி ஏற்றுமதி செய்தார். அந்த ரொக்கத்தில் பல குடும்பங்கள் பிழைத்தன. பிறகு எல்தம் ஊரில் வெண்ணெய்த் தொழிற்சாலையும் கட்டினார். இன்று அவருக்கு அந்த நாட்டு வாழ்க்கை வரலாற்று அகராதியில் தனிக் கட்டுரை உண்டு. அளவில் நம்மவர் சிறியவர். செய்த வேலை அதே வேலை. சூ சோங்குக்குக் கிடைத்த அந்தக் கட்டுரை நம்மவருக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

கடைக்காரரைச் சுற்றி ஒரு பேச்சும் இருந்தது. ‘கூலிக்காரனுக்கு ஏது கடை வைக்கப் பணம்? தங்கம் திருடி வந்திருப்பான்.’ தங்கவயலில் களவு நடந்தது உண்மை. அதைத் தடுக்க மைசூர் அரசு தனிச் சட்டமே செய்தது. தங்கம் கலந்த கல்லோ மண்ணோ கையில் இருந்தால், அது எப்படி வந்தது என்று வைத்திருப்பவனே நிரூபிக்க வேண்டும். ஆனால் இரண்டு சவரனுக்கு ஒரு டன் கல் என்ற கணக்கை இங்கே திரும்ப வையுங்கள். மடியில் கட்டிவந்த கல்லில் கடை வைக்க முடியாது. களவுத் தங்கத்தின் லாபம் வாங்கி உருக்குகிறவனுக்கே போயிற்று. சேரிக்காரர் காசு சேர்த்தால் களவு, மற்றவர் சேர்த்தால் சாமர்த்தியம் என்ற பார்வை இன்னும் முழுதாகப் போகவில்லை. அதனால்தான் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன்.

தங்கவயலிலிருந்து ஊருக்குக் காகிதமும் வந்தது. தமிழ்ப் பௌத்த இயக்கத்தை நடத்திய அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியபோது, அதைத் தாங்கிய வாசகர்களில் முக்கியமானவர்கள் தங்கவயல்காரர்கள். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் நடந்தது, இரவுப் பள்ளிகள் நடந்தன, பண்டிதரின் நூல்களைப் பதிப்பித்த சித்தார்த்தா புத்தகசாலையும் அங்கே இருந்தது. தீபத்துக்கும் பொங்கலுக்கும் ஊர் வருகிறவர் கையில் சாமானோடு இதழும் வந்திருக்கும். அதை உரக்கப் படிக்க ஊரில் ஓர் இடம் வேண்டும். கடைத் திண்ணையைத் தவிர வேறு எந்தத் திண்ணையில் அது நடந்திருக்க முடியும்?

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லி நிறுத்துகிறேன். இந்த ஊர்க் கோயிலின் கல்வெட்டுகளைப் பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தொகுத்து அச்சிட்டிருக்கிறது; பொன் கொடுத்தவர் பெயரெல்லாம் அதில் கிடைக்கும். நம் கடைக்காரரைத் தேடுகிறவர் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். பழைய கிரயப் பத்திரத்திலும் அடமானப் பத்திரத்திலும் பெயரை ஒட்டித் தகப்பன் பெயர், ஜாதி, ஊர், ஜீவனம் நான்கும் எழுதுவார்கள். ஒரே ஆள் பெயரில் பத்து ஆண்டு இடைவெளியில் இரண்டு பத்திரம் கிடைத்தால் ஜீவனம் என்ற இடத்தைப் பாருங்கள். முதலாவதில் கூலி என்றும் இரண்டாவதில் வியாபாரம் என்றும் இருந்தால், நடுவில் அவர் எங்கே இருந்தார் என்று அந்தக் குடும்பத்தாரிடம் போய்க் கேளுங்கள். பரணில் பற்று நோட்டு இருக்கிறதா, சுரங்கத்தில் கொடுத்த சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். கரையான் அரிப்பதற்கு முன் படம் எடுத்து, குடும்பத்தின் அனுமதியோடு உங்கள் கல்லூரி நூலகத்தில் ஒரு பிரதி வையுங்கள். போளூர், செங்கம், கலசப்பாக்கம், தண்டராம்பட்டு என்று ஆளுக்கொரு பக்கம் எடுத்துக்கொண்டால், அடுத்த ஆண்டு இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவை உங்களில் ஒருவர் நிகழ்த்தலாம்; அதில் பெயர்களும் இருக்கும்.